பிலாத்துக்குத் தெரியாமல் இல்லை



‘கிறித்தவம் சொல்லும் உண்மையும் உலகத்தின் பார்வையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பிரசங்கம் ஆரம்பித்துவிடுவாரோ என்று அஞ்சிச் சிலர் வாசலோரம் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தாராளமாக முன்னால் வரலாம். ஒரு வழக்கைப் பற்றியும் ஒரு விவசாயியைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். இடம் எருசலேம், ஆளுநர் மாளிகை, விடிகாலை. நீதிபதி பொந்தியு பிலாத்து. இவன் கதைக்காகப் படைக்கப்பட்ட ஆள் இல்லை. 1961இல் செசரியா என்ற கடற்கரை நகரில் இத்தாலிய அகழாய்வாளர்கள் எடுத்த ஒரு கல்லில் அவன் பெயரும் யூதேயாவில் அவன் வகித்த பதவியும் இலத்தீனில் வெட்டப்பட்டிருக்கின்றன. சுமார் பத்தாண்டுகள் அந்த நாட்டை ஆண்டவன். அவன் முன்னால் கைதியாக இயேசு. தான் உண்மைக்குச் சான்று பகர வந்ததாகக் கைதி சொல்கிறார். உண்மையா, அது என்ன என்று பிலாத்து கேட்கிறான். கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை, வெளியே போய்விடுகிறான்.

இந்தக் கேள்வியை வைத்து எத்தனையோ மேடைகளில் தத்துவம் பேசியிருக்கிறார்கள். பிலாத்தைப் பெரிய சிந்தனையாளனாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோவான் நற்செய்தியை அந்த இடத்துக்குப் பிறகும் நான்கு பத்தி படித்தால் போதும். வெளியே போனவன் கூட்டத்தைப் பார்த்து, இந்த மனிதனிடம் நான் ஒரு குற்றமும் காணவில்லை என்கிறான். மூன்று முறை சொல்கிறான்! அப்படியானால் அவனுக்குத் தெரியாதது எது? விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்பும் மனதுக்குள் எழுதியாயிற்று. மத்தேயு எழுதியதைப் பார்த்தால், வீட்டிலிருந்து மனைவிகூட எச்சரித்து ஆள் அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுக்கும் பிறகு கீழேயிருந்து ஒரு குரல் வருகிறது: இவனை விடுவித்தால் நீ சீசருக்கு வேண்டியவன் இல்லை. அவ்வளவுதான். பதவி ஆடுகிறது என்றதும் கையெழுத்து விழுந்துவிட்டது.

நம் வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், மெய்யுணர்தலுக்குத் தனியாக இன்னோர் அதிகாரம் வைத்தார். பேசுவதில் உண்மை வேண்டும், பொருளின் உண்மையைக் காணும் அறிவும் வேண்டும். இரண்டும் பெரிய விஷயங்கள். கிறித்தவம் அவற்றோடு இன்னொன்றையும் கேட்கிறது. யோவான் காட்டும் இயேசு, உண்மையை ஒரு கருத்தாக எடுத்து யார் கையிலும் கொடுக்கவில்லை. தாமே உண்மை என்கிறார். உண்மை ஓர் ஆளாக எதிரே வந்து நின்றுவிட்டால், ‘ஆமாம், சரிதான்’ என்று தலையாட்டிவிட்டு நகர முடியாது. அவர் பக்கம் போய் நிற்கிறாயா, இல்லையா? பிலாத்து அறிந்தான். போய் நிற்கவில்லை.

இனி விவசாயி. பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர். ஆஸ்திரியாவில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர். 1907இல் திருமணமாகாத ஒரு பண்ணைப் பெண்ணுக்குப் பிறந்தவர். வாலிபத்தில் அடங்காத ஆள். அந்த ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர்தான் என்பார்கள். திருமணத்துக்கு வெளியே ஒரு மகளும் உண்டு. பிறவியிலேயே புனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1936இல், பெரிய வியாழன் அன்று, பிரான்சிஸ்காவை மணந்தார். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். மனைவியோடு சேர்ந்து வேதம் படித்தார், வயல் வேலை பார்த்தார், பிறகு ஊர்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளையும் ஆனார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி, இணைப்புக்குச் சம்மதமா என்று பொது வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்று போடுங்கள் என நாட்டின் ஆயர்களே அறிக்கை விட்டிருந்தார்கள். சங்க்ட் ராடெகுண்டில் ‘இல்லை’ என்று விழுந்தது ஒரே வாக்கு, பிரான்ஸின் வாக்கு. ஊர் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்த ஒன்றை மறைத்துவிட்டு, ஊர் முழுக்க ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள். வாக்குச் சீட்டு என்ன ஆயிற்றோ, கணக்கில் அப்படி ஓர் ஆள் இல்லை.

போர் வந்தது. 1940இல் அழைப்பு வந்து பயிற்சிக்குப் போனார், அடுத்த ஆண்டு வீடு திரும்பினார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவருக்குச் சந்தேகம் இல்லை: இது நியாயமற்ற போர், இதில் ஆயுதம் எடுப்பது பாவம். ‘எனக்குப் பட்டது, அதனால் உண்மை’ என்று இருந்துவிடவும் இல்லை. குருக்களிடம் கேட்டார். லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் ஃபிளீஸரிடமே கேட்டார். ஆயர், குடும்பத்தைக் காப்பதுதான் உன் கடமை, அரசு செய்வதற்கெல்லாம் நீ பொறுப்பாளி இல்லை என்று திருப்பி அனுப்பினார். பிரான்ஸுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனாலும் தம் எழுத்துகளில் ஆயர்கள்மேலும் குருக்கள்மேலும் கல்லெறிய அவர் முனையவில்லை, போருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரனைப் பழிக்கவும் இல்லை.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உலகத்தின் பார்வை என்றவுடன் சினிமா, சாராயக் கடை, அரசியல் என்று கோயிலுக்கு வெளியே கை நீட்டிப் பழகிவிட்டோம். இந்த வரலாற்றில் உலகத்தின் பார்வை எங்கே இருந்தது? கோயிலுக்குள் இருந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தவர்களிடம் இருந்தது. அது கெட்ட எண்ணத்தோடு பேசவும் இல்லை. “மூணு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கப்பா? நீ ஒருவன் போகாவிட்டால் போர் நின்றுவிடுமா?” என்று அக்கறையோடுதான் கேட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் அதே கேள்வி. இதற்கு விடை சொல்வது கடினம். பலன் என்ன என்ற கணக்குப் போட்டால் பிரான்ஸ் தோற்றுத்தான் போவார். அவர் செயலால் போர் ஒரு மணி நேரம்கூட முன்னதாக முடியவில்லை.

1943 மார்ச் 1ஆம் தேதி என்ஸ் படைமுகாமில் நின்று, போரிட மாட்டேன் என்றார். மருத்துவ ஊழியனாக வேண்டுமானால் சேவை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார், ஏற்கவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லின் சிறை. ஜூலை 6ஆம் தேதி இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து முந்தைய ஆண்டே உயிரைக் கொடுத்திருந்தார். சிறை ஆன்ம குரு அதை எடுத்துச் சொன்னபோதுதான் பிரான்ஸுக்குப் பெரிய ஆறுதல் வந்தது. நினைத்துப் பாருங்கள், தனக்கு முன்னால் இன்னொருவர் இதே இடத்தில் நின்றிருக்கிறார் என்று தெரிய அந்த மனிதர் சிறைவரை வர வேண்டியிருந்தது! ஆகஸ்ட் 9ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36.

போர் முடிந்து ஹிட்லரும் ஒழிந்தான். ஊர் திருந்தியதா? இல்லை. புருஷனைத் தடுக்காதவள் என்று பழி பிரான்சிஸ்கா தலையில் விழுந்தது. அவர் தடுத்துப் பார்த்தவர்தான். பிறகு, தானும் கைவிட்டால் கணவருக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று உடன் நின்றவர். போர் விதவைக்குரிய உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. 1946இல் மறைமாவட்ட இதழில் பிரான்ஸைப் பற்றிக் கட்டுரை போடலாமா என்று கேட்டபோது, கடமை என்று நம்பிப் போர்க்களத்தில் மாண்ட இளைஞர்களே மேலான வீரர்கள் என்று சொல்லி அதே ஆயர் தடுத்துவிட்டார். கோர்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்த ஊருக்குப் போய் விசாரித்து 1964இல் நூல் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. தண்டனையை பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது 1997இல். 2007 அக்டோபர் 26ஆம் தேதி லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. 94 வயது பிரான்சிஸ்கா நேரில் இருந்து அதைப் பார்த்தார்.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, உண்மை வென்றுவிட்டது என்று நீங்கள் கைதட்டினால் எனக்குச் சங்கடம். 2007இல் பட்டம் கிடைத்ததால் அவர் செய்தது சரியாகிவிடவில்லை. ஒருவேளை யாருமே எழுதாமல் போயிருந்தாலும், அந்த விதவை பழியோடே செத்திருந்தாலும், 1943இல் எது உண்மையோ அதுதான் உண்மை. கிறித்தவம் இதில் கண்டிப்பானது. பின்னால் கிடைக்கும் புகழைச் சாட்சிக்கு அழைப்பதும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான்.

நம்மில் யாருக்கும் அந்தச் சோதனை வர வேண்டாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அரங்கில் சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் உண்டு, பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் உண்டு, சங்கச் செயலாளர்கள் உண்டு. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது சரியில்லை என்று சொல்லியிருப்பார். மறுநாள் மினிட் புத்தகத்தில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தை விடுங்கள். எதிர்த்தவர் பெயரை எழுதுங்கள், அவர் சொன்ன காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.