கட்டடக்கலை பயிலும் மாணாக்கரும் மின்சாரச் சிக்கனமும்

(இருங்காட்டுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1998-ல் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலை இவ்வூரில் உற்பத்தி தொடங்கிய பின், இங்கிருந்து ஒரகடம் வரை தகரக் கூரைகளும் கண்ணாடி முகப்புகளும் வரிசையாய் எழுந்துவிட்டன. இவை போன்றவற்றை நாளை வரையப்போகின்றவர், கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஐந்தாண்டு பயிலும் நம் பிள்ளைகளே. ஆதலின் அவரை நோக்கியே சில சொல்லத் துணிகின்றோம்.

இம்மாணாக்கர் மின்சாரச் சிக்கனத்தை அறியாதவரல்லர். தேர்வில் வினா வந்தால் பக்கம் பக்கமாய் எழுதுவர். வரைபலகை முன் அமர்ந்ததும் அவ்வறிவு எங்கோ மறைந்துவிடுகின்றது. மேற்குச் சுவர் முழுதும் கண்ணாடி! கேட்டால், உள்ளே ஏ.ஸி. உண்டு என்பர். வெயிலை வாசல் திறந்து வரவேற்றுவிட்டு, அதனை வெளியேற்ற மாதந்தோறும் பணம் கட்டுவது என்ன கணக்கோ!

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு மத்தியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட நாட்களில் சற்றே வடபால் சாயும். ஆகவே வெப்பத்தை மிகுதியும் ஏற்பது கூரையே. குளிர்நாட்டு ஆலைகளின் இரம்பப்பல் கூரையை, வடக்கொளியில் வெயில் இராது என்று நம்பி அப்படியே பெயர்த்து வரைந்தால், ஜூன் மாதத்தில் வெயில் இயந்திரத்தின்மேல் விழும். நண்பகல் வெயிலைச் சிறியதோர் இறவாரம் தடுத்துவிடும். காலை மாலைக் கதிருக்குப் பக்க மறைப்பும் வேண்டும். இதனை எந்நாட்டு நூலும் நமக்காக வரைந்து தாராது.

சட்டமும் உண்டு. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் பிறந்தது. 2007-ல் வணிகக் கட்டடங்கட்கு விதித்தொகுப்பு வந்தது. 2017-ல் அதனைத் திருத்தியபோது, பொதுவழியில் கண்ணாடிப் பரப்பு வெளிச்சுவரில் நூற்றுக்கு 40-க்கு மிகலாகாது என்றனர். ஆயினும் அனுமதிக்காகப் பின்னர் ஒட்டவைக்கும் சிக்கனம் அரைச் சிக்கனமே. திசையும் நிழலும் முதற்கோட்டிலேயே முடிவாகிவிடுகின்றன.

பெற்றோரும் குற்றமற்றவரல்லர். மகள் திண்ணையும் முற்றமும் வைத்து வரைந்தால், "இதற்கா படிக்கவைத்தோம்?" என்பவர் நம்முள் இலரோ? அவர்க்கு வேண்டியது அடுத்த வீட்டுக் கண்ணாடி முகப்பு.

வரும் பங்குனிக்குள் சங்கக் கட்டடத்து மாடிக்கு வெண்சுண்ணாம்பு பூசலாமென உத்தேசித்துள்ளோம். பூசுமுன்னும் பின்னும் உட்கூரையின் உஷ்ணத்தை நம் மாணாக்கரே அளந்து, இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்புவாராக.