ஓபோவும் பசூனும் கற்ற சிறுமிகள்

(யூபிலி விழாவையொட்டி, இசை பயிலும் பங்குச் சிறாருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் ஏறுகிறவர்கள் கோவில் எழும்பிய வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்லப் பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நாம் கல்லையும் சுண்ணாம்பையும் அவர்களுக்கு விட்டுவிட்டு, நாணலையும் மூச்சையும் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

ஓபோ, பசூன் என்று மேனாட்டில் இரண்டு ஊதுகருவிகள் உண்டு. நம்மில் பலர் அவற்றை நேரில் கண்டதில்லை. ஆனால் அவற்றின் உறவினரை நாம் நன்றாக அறிவோம். தேர்ப்பவனியின் முன்னே முழங்கி வரும் நாதசுரமே அந்த உறவினர். நாதசுர வித்துவான் வாயில் வைக்கும் சீவாளி நாணலால் ஆனது. அதன் இரண்டு இதழ்களும் மூச்சுப் பட்டவுடன் ஒன்றோடொன்று மோதி அதிர்வதால் நாதம் பிறக்கிறது. ஓபோவுக்கும் பசூனுக்கும் இதே சூட்சுமந்தான். தென் பிரான்சில் விளையும் ஒருவகை நாணலைச் சீவி, இரண்டு இதழாகச் சேர்த்துக் கட்டி அவற்றுக்குச் சீவாளி செய்கிறார்கள்.

ஓபோவின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். வாத்தியக் குழு முழுவதும் சுருதி சேர்ப்பது அதன் குரலைக் கேட்டுத்தான். பசூனோ இரண்டரை மீட்டர் நீளமான குழாயை இரண்டாக மடித்தாற்போன்றது. நிறுத்தி வைத்தால் பத்து வயதுப் பிள்ளையின் உயரம் வரும்.

இவற்றைக் கற்பது எளிதன்று. ஓபோவில் இதழ்களின் இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே ஊதுகிறவருக்கு மூச்சுப் போதாமல் போவதில்லை. உள்ளே மிஞ்சிப் போகிறது! பழைய மூச்சை வெளியே விட்ட பிறகே புதிய மூச்சை இழுக்க வேண்டும். பசூனிலோ இடக்கைப் பெருவிரல் ஒன்றே பல சாவிகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்க முடியுமா? பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, கேட்டு, திருத்தித் தர வேண்டும். நாம் இன்று சொல்ல வந்த கருத்தும் அதுவே.

அன்பர்களே, இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் பியெத்தா என்றொரு இல்லம் இருந்தது. அச்சொல்லுக்கு இரக்கம் என்று பொருள். 1346-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒருவர் தொடங்கிய அறப்பணி அது. அதன் சுவரில் ஒரு சிறு திறப்பு உண்டு. வறுமையாலோ பழிச்சொல்லுக்கு அஞ்சியோ பெற்ற பிள்ளையை வளர்க்க இயலாத தாய், அதில் குழந்தையை வைத்துவிட்டுப் போவாள். என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்கென்று, பாதியாக வெட்டிய பதக்கம் ஒன்றைக் குழந்தையோடு வைத்துச் சென்றவர்களும் உண்டு.

அங்கு வளர்ந்த பையன்கள் தொழில் கற்க அனுப்பப்பட்டார்கள். பெண்பிள்ளைகளில் இசைத் திறமை உள்ளவர்களைத் தேர்ந்து, சிறு வயதிலிருந்தே பாட்டும் வாத்தியமும் கற்பித்தார்கள். 1703-ஆம் ஆண்டில் அவர்களுக்கு வயலின் ஆசிரியராக வந்தவர் ஓர் இளம் குரு. அதே ஆண்டில்தான் அவருக்குக் குருப்பட்டம் ஆகியிருந்தது. அவரே அந்தோனியோ விவால்டி. செந்நிறத் தலைமுடி உடையவராதலால் ஊரார் அவரைச் 'சிவப்புக் குருவானவர்' என்றே அழைத்தார்கள். நெஞ்சிறுக்க நோயின் காரணமாகச் சில ஆண்டுகளிலேயே பலிபூசை நிறைவேற்றுவதை அவர் விட்டுவிட நேர்ந்தது. மூச்சுக்குத் திணறிய அந்தக் குரு, மூச்சால் வாழும் பசூனுக்கென்று எழுதிய கச்சேரி உருப்படிகள் முப்பதுக்கும் மேல்! ஓபோவுக்கும் பல எழுதினார். அவற்றுள் பிரபுக்களுக்காக எழுதியவையும் உண்டு. ஆனால் எழுதியதை ஊதிப் பார்க்கத் தக்க சிறுமிகள் அந்த இல்லத்தில் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

அங்கே மூத்த மாணவியர் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. 1739-இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி சார்ல் த ப்ரோஸ், இப்பெண்கள் ஓபோவும் பசூனும் வாசிப்பதைக் குறிப்பிட்டு, எவ்வளவு பெரிய கருவியும் இவர்களை அச்சுறுத்தவில்லை என்ற கருத்தில் எழுதி வைத்தார். தந்தை பெயரும் குடும்பப் பெயரும் இல்லாத பிள்ளைகளுக்குக் கருவியே குடும்பப் பெயராயிற்று. 'ஓபோ பெலெகிரினா' என்று ஏட்டில் ஒருத்தியின் பெயர் இருக்கிறது. தாய் யாரென்று அறியாதவளுக்குக் கலை ஒரு முகவரி கொடுத்தது அல்லவா?

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அச்சிறுமிகள் கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தே வாசித்தார்கள். இல்லத்தை விட்டு மணமாகிச் செல்பவள் இனிப் பொதுமேடையில் வாசிப்பதில்லை என்று உறுதி தர வேண்டியிருந்தது. கேட்டவர்கள் மெச்சினார்கள், இல்லத்துக்குக் காணிக்கையும் புகழும் சேர்ந்தன. ஆனால் கற்றவளுக்கு அந்தக் கலை முழுவதும் சொந்தமாகவில்லை. பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தாலும், இது யாருக்காக என்ற கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விழா மேடை அழகாகத் தோன்றவா? அல்லது பிள்ளை வளரவா?

விவால்டி 1741-இல் வியன்னாவில் ஏழையாக இறந்தார். அவருடைய கையெழுத்துச் சுவடிகள் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1926-இல் வட இத்தாலியில் சலேசிய சபையார் நடத்திய பள்ளி ஒன்று, கட்டடப் பழுது பார்க்கப் பணம் வேண்டி, தன்னிடமிருந்த பழைய இசைச் சுவடிகளை விற்க முன்வந்தது. பார்த்தால் விவால்டியின் எழுத்து! தூரின் தேசிய நூலகத்திடம் அவற்றை வாங்கப் பணம் இல்லை. குழந்தையாக இருந்த தம் மகன் மௌரோவை இழந்திருந்த ராபர்த்தோ ஃபோவா என்பவர், அவன் நினைவாக வாங்கிக் கொடுத்தார். எஞ்சிய பகுதியை 1930-இல், ரென்சோ என்ற மகனை இழந்த பிலிப்போ ஜொர்தானோ வாங்கிக் கொடுத்தார். இன்றும் அச்சுவடிகள் அவர்கள் பெயரைத் தாங்கித் தூரின் நூலகத்தில் இருக்கின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தவரின் இசையை, பிள்ளையை இழந்த பெற்றோர் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய பிரசங்கம் நாம் என்ன செய்துவிடப் போகிறோம்?

இக்காலத்தில் பிரிட்டன் போன்ற நாடுகளில், இவ்விரு கருவிகளையும் எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள் குறைந்து வருகிறார்களே என்ற கவலை எழுந்திருக்கிறது. கருவியின் விலை அதிகம், சீவாளியோ சில வாரங்களில் தேய்ந்துவிடும், ஆசிரியர்களும் அரியர். ஒரு பள்ளியில் பசூன் வாசிப்பவன் ஒருவனே இருப்பான். ஆகவே தேர்ந்த கலைஞர்கள் இத்தகைய பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு பிள்ளை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கும். ஆசான் முழுவதும் கேட்பார். பிறகு பத்துக் குறை சொல்லாமல், ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மூச்சை இப்படி விடு, இந்த விரலைத் தளர்த்து என்று சொல்லி, மீண்டும் வாசிக்கச் செய்வார். அதே வரி அப்போதே மாறி ஒலிப்பதை மற்றப் பிள்ளைகளும் கேட்பார்கள். திருத்தப்படுவது அவமானமன்று, அது ஒரு கொடை என்பதை அங்கே கற்றுக்கொள்கிறார்கள். என்னைப்போல் வேறு பிள்ளைகளும் உண்டு என்ற ஆறுதலும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எல்லாரும் எடுக்கும் கருவியை விட்டுவிட்டு, எவரும் எடுக்காததைக் கையில் எடுத்தால், "இதனால் என்ன பயன்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். முதல் மாதங்களில் வீட்டில் எழும் சத்தம் இனிமையாக இராது. ஆனாலும் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து கேளுங்கள். மூத்த மாணவர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் இளையவரைக் கைப்பிடித்துக் கற்பியுங்கள். அந்த இல்லத்தை வாழவைத்த வழி அதுதான். சிறுவர் சிறுமியரே, உடலுக்கு எல்லா உறுப்பும் வேண்டும் என்று பவுலடியார் கற்பித்ததை நினைவில் வையுங்கள். அடியில் தாங்கி நிற்கும் பசூனின் குரலைப் பலர் கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் அத்தனை பேரும் உணர்வார்கள்.

மண்ணால் ஆன மனிதனுக்கு மூச்சு ஊதி உயிர் தந்த இறைவன், உங்கள் கையிலுள்ள நாணலுக்கும் மரத்துக்கும் நீங்கள் உயிர் தரும்படி உங்களை ஆசீர்வதிப்பாராக.