மாம்பழக் காலமும் மெலிய விரும்புவோரும்



பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் முதலமடை என்று ஒரு சிறு நிலையம் உண்டு. அதன் நடைமேடையில் விழுதூன்றி நிற்கும் ஆலமரங்களைத் திரைப்படங்களில் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தெற்கே நெல்லியாம்பதி மலை. கிழக்கே சிறிது தொலைவில் தமிழ்நாட்டின் எல்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் அமைந்தது. ஆயினும் கடைவீதியில் தமிழ்ப் பேச்சுக்கு இன்றும் குறைவில்லை. எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேத்துமடை வழியாகத்தான் போயாக வேண்டும். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. சாலை வேறுவிதமாகப் போகிறது.

இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது மாம்பழம். பிற இடங்களில் மாமரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும் தை, மாசி மாதங்களிலேயே இங்கே காய் முற்றிவிடும். சிந்தூரம், பங்கனப்பள்ளி, அல்போன்சா, கிளிமூக்கு எனப் பலவகையும் பெட்டிகளில் அடைபட்டு வடக்கே புறப்படும். டில்லியிலோ மும்பையிலோ ஆண்டின் முதல் மாம்பழத்தைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டதும் மீண்டும் கூடையில் வைத்த நேயர், அது எங்கள் தோட்டத்துப் பழமாகவே இருந்திருக்கலாம் என்று அறிந்துகொள்ளட்டும்.

இத்தகைய ஊரில் உடல் மெலிய விரும்பும் ஒருவன் என்ன செய்வது? அந்த ஒருவன் நான்தான்.

மும்பையில் இருபத்தெட்டு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதிவிட்டு நான் ஊர் திரும்பியபோது என் எடை 84 கிலோ; உயரம் 165 சென்டிமீட்டர்; இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆடவருக்கு இடுப்பளவு 90-க்கும், பெண்டிருக்கு 80-க்கும் மேற்பட்டால் எச்சரிக்கை வேண்டும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. என் தமையனார் நீரிழிவினால் வலக்கால் விரல்கள் இரண்டை இழந்தவர். அவருடைய காலுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் அடுத்த முறை என்னுடையதாக இருக்குமோ என்ற நினைவு எனக்கு வரும். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கேரளத்திலும் புதுச்சேரியிலும் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் நீரிழிவு உடையவராகக் காணப்பட்டார்கள்.

முதலில் ஆறு கிலோ குறையுங்கள் என்றார் மருத்துவர். நானோ அவர் சொல்லாததையும் சேர்த்துச் செய்தேன். கார்த்திகை முதல் நாள், இனி இனிப்பு என்பதே இல்லை என்று சபதம் எடுத்தேன். தேநீரில் சர்க்கரை இல்லை, பாயசம் இல்லை, பழமும் இல்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் ஓடின. மூன்று கிலோ குறைந்தது. பெருமையாகவும் இருந்தது. பொங்கலன்று என் தாயார் இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்க வந்தார். நான் இலையைக் கையால் மறைத்தேன். "ஏஞ் சாமி, ஒரு வாய் தின்னா உசுரா போயிரும்?" என்றார். நான் பேசவில்லை. எண்பது வயதைக் கடந்த அந்த அம்மையார் கரண்டியோடு திரும்பிப் போனதை இப்போது நினைத்தாலும் மனம் சுருங்குகிறது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின், வைக்கோலில் பழம் பழுக்க வைத்திருந்த அறைக்குள் போனேன். விளக்கு ஏற்றவில்லை. ஏழு சிந்தூரம் தின்றேன். விடிந்ததும் கொட்டைகளை எண்ணியவள் என் மனைவி. சபதம்தான் உடைந்துவிட்டதே, இனி என்ன என்று அந்த வாரம் முழுவதும் அகப்பட்ட இனிப்பையெல்லாம் உண்டேன். மாசி முடிவதற்குள் மூன்று கிலோவும் திரும்பி வந்தது; கூடவே ஒன்று வட்டியாகவும் சேர்ந்தது.

இது என் ஒருவனுடைய பலவீனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகுதான் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-இன் இறுதியில் அன்செல் கீஸ் என்பவர் தொடங்கிய சோதனையைப் பற்றிப் படித்தேன். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்து, இருபத்துநான்கு வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். நல்ல உடற்கட்டும் மனவுறுதியும் உடையவர்கள்தாம். ஆனால் நாளாக ஆக அவர்களுடைய பேச்சு உணவு, கனவு உணவு என்றாயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கலானார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின்னும், வயிறு நிறைந்தும் போதும் என்ற உணர்வு வராமல் உண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். என் சபதம் அவர்கள் பட்ட பாட்டுக்கு ஒப்பாகாது. எனினும் அடைத்து வைத்த ஆசை எந்த வழியாக வெளியேறும் என்பது அதைப் படித்தபோது விளங்கிற்று.

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள் என்றார். கணக்கு எழுதுவது என் பழைய தொழிலல்லவா, எழுதினேன். அதில் கண்டது வேறு கதை.

சபதம் போன பின் நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் அருந்தினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் நாற்பது கிராம். அதாவது 160 கலோரி. ஒரு மாதத்தில் 4,800 கலோரி. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றே குறைந்த சர்க்கரை! ஒரு கிண்ணம் பாயசத்துக்கு 200 முதல் 300 கலோரி என்று வைத்துக்கொண்டால், பதினாறு முதல் இருபத்துநான்கு கிண்ணம் பாயசத்துக்கு இது சமம். அத்தனை பாயசத்தையும் எந்த மாதத்திலும் நான் குடித்ததில்லை. தேநீர்ச் சர்க்கரையோ, நாவுக்கு இன்பம் தந்ததாக நினைவுகூட இல்லாமல் உள்ளே போயிருக்கிறது. தேநீரோடு தின்ற பிஸ்கட்டை நான் இதில் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த உணவாற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் மேலும் நன்று. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முந்தையது 50 கிராம், பிந்தையது 25 கிராம்.

நறுக்கித் தின்னும் முழுப்பழம் இந்தக் கணக்கில் சேராது; பிழிந்த சாறு சேரும். தேனும் சேரும். கருப்பட்டிக்கு விலக்கு உண்டென்று எண்ணுவோர் எங்கள் பக்கத்தில் அதிகம். பனைமரத்தின் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் எடையைப் பொறுத்தவரை கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரையின் உடன்பிறப்புகளே.

மாம்பழத்தின் சதை நூறு கிராமுக்கு ஏறக்குறைய 60 கலோரி. நடுத்தரமான பழத்தில் இருநூறு கிராம் சதை இருந்தால் 120 கலோரி ஆகும். அதையே பாலும் சர்க்கரையும் கலந்து அடித்துக் குடித்தால் இருமடங்குக்கும் மேல் போய்விடலாம். இருட்டில் தின்ற ஏழு சிந்தூரத்தின் கணக்கை நேயர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

ஆகவே தேநீர்ச் சர்க்கரையை விட்டேன். முதல் பத்து நாட்கள் கசந்தது, பிறகு பழகிவிட்டது. அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, பண்டிகை நாளுக்கு ஒன்று என இனிப்பைத் திரும்ப அழைத்தேன். உண்ணும் வேளையில் சோற்றில் ஒரு பிடி குறைப்பேன். பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து, வீட்டாரோடு அமர்ந்து தின்பேன். அறைக்குள் தனியே போவதில்லை. மாலையில் மீன்கரை அணைப் பக்கம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். நடையும் உணவுமாற்றமும் வீண் அல்ல என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரண்டையும் கைக்கொண்ட பிரிவினர் நீரிழிவு நோயாளிகளாக மாறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையில் பெரிய மாற்றம் இல்லாதபோதே இப்பலன் கிட்டியது என்பதுதான் எனக்கு ஆறுதலான செய்தி.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்குப் பண்டிகைகள்தாம் பெருந்தொல்லை. நம்முடைய பொங்கலும் தீபாவளியும் போதாவென்று, அடுத்த வீட்டுக்காரரின் ஹோலியும் கணபதி விழாவும் துர்க்கா பூசையும் தட்டோடு வாசலில் வந்து நிற்கும். அலுவலகத்தில் யாருக்கேனும் பிறந்தநாள் என்றால் கேக். தட்டை மறுப்பது மரியாதையன்று. ஒரு துண்டை எடுத்துச் சுவைத்து, மிகுந்ததை அன்றே பிறருக்கு வழங்கிவிடலாம். இரவு பதினொரு மணிக்கு அலமாரியில் தனித்திருக்கும் பெட்டியே ஆபத்தானது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் மட்டும், உணவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் தம் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இவ்வாண்டு விஷுவும் சித்திரைப் பிறப்பும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே வந்தன. என் எடை அன்று 78 கிலோ. தாயார் சிறிய உருளியில் பாயசம் வைத்திருந்தார். பெரிய உருளியைப் பரண்மேல் ஏற்றியிருந்தார். தமையனாருக்கு அவருடைய மருத்துவர் அனுமதித்த அளவு மாம்பழம் இரண்டு கீற்று. அவர் அதை அரைமணி நேரம் தின்றார். என் இலைக்கு அம்மா கரண்டியோடு வந்தபோது நான் கையை எடுத்துக்கொண்டேன். ஒரு கரண்டி வைத்துவிட்டு, இன்னொன்று வைக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனார்.