பலகாரத் தட்டில் ஒரு புத்தகம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி என்றுதான் எப்போதும் பேசுகிறோம். இன்றைக்குக் கொஞ்சம் வேற விஷயம் பேசலாம்.

தீபாவளிக்கு என்ன வாங்கினீங்கன்னு கேட்டா துணி, பட்டாசு, பலகாரம்னு சொல்வோம். புத்தகம்னு யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நம்ம பண்டிகையில் புத்தகத்துக்கு இடமே இல்லையா என்றால், சரஸ்வதி பூஜை இருக்கு. ஆனால் அன்னிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து அடுக்கிவிடுகிறோம். திறக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைகளை அரிசியில் எழுத வைக்கிறோம். அம்மாவை யாரும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வதில்லை.

ஐஸ்லாந்து என்று ஒரு குளிர் நாடு. மொத்தமே நாலு லட்சத்துக்கும் குறைவான ஜனங்கள். டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்தான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், டிசம்பர் 24 ராத்திரி, சாப்பிட்டு முடித்து ஒருத்தருக்கொருத்தர் பரிசு கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் புத்தகமும் இருக்கும். ராத்திரியே படிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். இது பெரிய பணக்காரப் பழக்கமாகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் கிடைக்கவில்லை. காகிதத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதனால் புத்தகம் பரிசாகியது. 1944 முதல் புதுப் புத்தகங்களின் பட்டியலை அச்சடித்து வீடு வீடாக இலவசமாக அனுப்பவும் தொடங்கினார்கள்.

எங்களுக்கு இதைவிடப் பிடித்தது அவர்களுடைய பழைய வழக்கம். அந்தக் காலத்து விவசாய வீடுகளில் குளிர்கால ராத்திரியில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கம்பளி நூல் நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருத்தர் மட்டும் சத்தம் போட்டுக் கதை படிப்பார். வேலை நிற்காது, கதையும் நிற்காது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்து கற்றுக்கொடுக்க வேண்டும், பாதிரியார் வந்து சரிபார்ப்பார் என்று 1700களிலேயே ஏற்பாடு இருந்தது.

இது நமக்கு முடியாததா? பூக் கட்டும்போதும் பீடி சுற்றும்போதும் கைதான் வேலை செய்யுது, காது சும்மாதானே இருக்கு! (காது சும்மா இல்லை, சீரியல் கேட்குது என்று பின்னாலிருந்து ஒரு அக்கா சொல்றாங்க. சரி, சீரியல் முடிஞ்சதும் வச்சுக்கலாம்.)

சிரிப்புக்குச் சொல்லவில்லை. 1990களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற அக்காமார்கள் இங்கே இருக்கீங்க. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது நினைவிருக்கும். அப்புறம் படிக்க எதுவும் கையில் இல்லாததால் பலருக்கு எழுத்து மறந்துபோச்சு, கையெழுத்து மட்டும் தங்கிடுச்சு. கடன் பத்திரத்தை நீட்டினால் படிச்சுச் சொல்ல மகனைத் தேடுறோம். மகன் வெளியூர் போயிருந்தால் படிக்காமலே கையெழுத்துப் போடுறோம். எத்தனை தவணை, என்ன வட்டி என்று அதில்தானே இருக்கு?

"புத்தகத்துக்குப் போடும் காசுக்கு ஒரு கிலோ சர்க்கரை வாங்கலாமே" என்று மாமியார் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். அதனால் தனித்தனியாக வாங்க வேண்டாம். குழுவில் ஆளுக்கு மாதம் 5 ரூபாய், 15 பேருக்கு 75 ரூபாய், வருஷத்துக்கு 900 ரூபாய். புத்தகக் கண்காட்சியில் வாங்கினால் வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு. பொங்கலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மெல்லிய புத்தகம், பெரிய எழுத்தில். சமையல், ஆடு வளர்ப்பு, கதை என்று அவரவர் ஆசைக்கு. படிச்சதும் பக்கத்து வீட்டுக்கு மாத்திக்கலாம்.

இன்னொன்று. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம கட்டுறோம். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டியே கிடக்கு. அடுத்த மாதம் வரும்போது உங்க ஊர் நூலகம் எந்தக் கிழமை திறக்குது, சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுட்டு வாங்க. பூட்டியிருக்கிற ஊர்கள் எல்லாத்துக்கும் சேர்த்து அன்னிக்கே மனு எழுதிடலாம்.