கல்லு ரோட்டில் ஒரு சைக்கிள்



பயணமும் இலக்கியமும் என்ற இந்த வரிசையில் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தார் ரோட்டை விட்டுவிட்டுக் கிறவல் பாதைகளைத் தேடிப்போய்ச் சைக்கிள் ஓட்டுவது மேல்நாடுகளில் இப்பொழுது பெருகிவரும் ஒரு பொழுதுபோக்கு. அதற்கென்றே வண்டி செய்கிறார்கள். கைபிடி பந்தயச் சைக்கிளைப் போல வளைந்திருக்கும். டயர் மாத்திரம் நாற்பது மில்லிமீற்றர் அளவில் அகலமாக இருக்கும். காற்றையும் சற்றுக் குறைத்தே அடைப்பார்கள். கல்லின் குத்தலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். 2022ஆம் ஆண்டில் இத்தாலியில் இதற்கு உலகச் சம்பியன் போட்டியே நடந்தது.

அதே இத்தாலியில் கியாந்தி என்றொரு திராட்சை நாடு இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கிறவல் பாதைகளைத் தார் போட்டு மூடிவிடுவார்களே என்று கவலை கொண்டவர்கள், 1997இல் ‘லெரோயிக்கா’ என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். பழைய வண்டி, பழைய கம்பளிச் சட்டை, பழைய பாதை. முதல் ஆண்டில் நூறு பேர்கூட இல்லை. பின்னர் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். பாதையும் பிழைத்தது.

என்னிடம் படித்த பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் சுவிற்சர்லாந்தில் இருக்கிறார். ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள லவோ என்ற திராட்சைச் சரிவுகளில் ஓய்வு நாட்களில் சைக்கிள் ஓட்டுகிறாராம். படங்கள் அனுப்பி, “சேர், நம்ம தேயிலை மலை மாதிரியே இருக்கு, செடிதான் வேற” என்று எழுதியிருந்தார். பார்த்தேன். உண்மைதான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மடாலயத் துறவிகள் காலத்தில் தொடங்கிய படிக்கட்டு நிலம், கல் அடுக்கிய அணைகள், கீழே நீர்ப்பரப்பு. அங்கே திராட்சைக்கு மூன்று சூரியன்கள் என்று சொல்வார்களாம். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரியில் பட்டுத் தெறிப்பது ஒன்று, கல்லணை பகலில் வாங்கி இரவில் விடும் சூடு ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. 2007இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது. மரபுரிமை என்று மதிக்கப்பட்டதில் மனிதர் அடுக்கிய கல்லுக்கும் பங்குண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நான் வசிக்கும் மொனராகலையிலிருந்து புத்தல வழியாக வெல்லவாய வரை சமவெளி. சைக்கிள் இங்கே சோற்றுக்கும் தண்ணீருக்கும் அடுத்தபடி. வெல்லவாயவுக்குத் தெற்கே ஹந்தபானாகல குளம். அதிகாலையில் அந்தக் குளக்கட்டின் மேல் நின்றால் வடக்கே மலைச்சுவர் முழுவதும் தெரியும். யானைகளும் தெரியக்கூடும், ஆகவே தனியே போகாமலிருப்பது நல்லது. அங்கிருந்து திரும்பி கொஸ்லாந்தை, பெரகலை என்று ஏறினால் அப்புத்தளை. வெல்லவாயவின் உயரம் ஏறத்தாழ இருநூறு மீற்றர். தம்பேதன்னைத் தேயிலைக்கு மேலே, லிப்டன் இருக்கை என்று சொல்லப்படும் முனை ஏறத்தாழ 1,970 மீற்றர். ஒரே நாளில் குளத்து வெப்பத்திலிருந்து கம்பளிக் குளிருக்குப் போய்விடலாம். மேலே நின்று பார்த்தால், தெளிந்த காலையில் தாழ்நிலத்துக் குளங்கள் கண்ணாடித் துண்டுகள் போலக் கிடக்கும். உடவளவையும் அதில் ஒன்று.

இந்தப் பகுதியில் தோட்டத்துப் பழைய பாதைகளை இணைத்து ‘பெக்கோ ட்ரெயில்’ என்ற நடைபாதையும் இப்பொழுது இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. முன்னூறு கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். அப்புத்தளையும் எல்லையும் தெமோதரையும் அதில் வருகின்றன. நடப்பவர்களுக்காக வகுத்ததுதான். ஆனால் இந்தப் பக்கத்துத் தோட்ட ரோட்டுகளில் அகல டயர்ச் சைக்கிள்களையும் கண்டிருக்கிறேன்.

அப்படி ஒருவர் போவதைப் பார்த்து, கொழுந்துச் சாக்கோடு நின்றிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “என்னத்துக்கு மாஸ்டர், நல்ல ரோட்ட விட்டுட்டு இந்த வெள்ளக்காரன் கல்லு ரோட்டுல வாறான்?”

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. கியாந்தியில் கிறவல் பாதையைக் காப்பாற்ற ஓட்டம் வைத்தார்கள். இங்கே அதே கிறவலைத் தார் ரோட்டாக்கித் தரும்படி மனு எழுதுகிறார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோன கதை தோட்டம்தோறும் உண்டு. வந்து போகிறவருக்குச் சுவையாக இருக்கும் குலுங்கல், அங்கேயே இருப்பவருக்கு வேறு. சைக்கிள்காரரை நான் குறை சொல்லவில்லை. மூச்சிரைக்க ஏறி வருகிறவர் கண்ணாடி ஏற்றிய வானில் போகிறவரைவிட மலையை நன்றாகப் பார்க்கிறார். ஆனால் பாதையின் பழைமையழகைக் காப்பாற்றும் பொறுப்பை லயத்தில் இருப்பவர் தலையில் சுமத்த முடியாது. தார் வேண்டுமென்று அவர்கள் கேட்டால் தார்தான் போட வேண்டும்.

இந்தப் பாதைகள் எப்படி வந்தன? தோட்டப் பாதைக்கு உயிர் கானில் இருக்கிறது. மழைநீர் பாதையை அறுத்துக்கொண்டு ஓடாதபடி உட்பக்கமாகக் கான் வெட்டி, முடக்குக்கு முடக்கு நீரைக் கழற்றிவிட வேண்டும். கானில் மண் நிறைந்தால் இரண்டு மாரியில் ரோட்டு ஓடையாகிவிடும். சரிவை இவ்வளவு நுட்பமாக அளந்தவர்கள் கங்காணியின் கீழ் மண்வெட்டி பிடித்த நம் பாட்டன்மார். இலங்கையின் வீதிகளைப் பற்றிப் பேசினால் தோமஸ் ஸ்கின்னர் பெயர் வரும். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1891இல் நூலாகவும் வந்தன. கல் உடைத்தவர்கள் நூல் எழுதவில்லை. அவர்கள் பாடினார்கள். அந்தப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் அதுவும் போயிருக்கும். 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையும் ஒரு பாதையை வாசித்த செயல்தான்.

பாடலுக்கு அடுத்ததாக அவர்கள் விட்டுப்போனது பெயர்கள். துரைமார் தங்கள் ஊர்ப் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். தொழிலாளர் வாயில் அதற்கு வேறு பெயர் வழங்கியது. அப்புத்தளையில் அடிஷம் மாளிகையை ஒட்டிய காட்டுக்குத் தங்கமலை என்ற தமிழ்ப் பெயர் சரணாலயப் பெயராகவே நிலைத்துவிட்டது. அது அருமையான அதிர்ஷ்டம். இலக்கியத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தாம் ஆசிரியராக இருந்த தெளிவத்தையைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 2022இல் அவர் மறைந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று தமிழ் வாசகர் இருக்கும் இடமெல்லாம் தெரிந்த பெயராயிற்று.

ஆனால் இன்றைய கைத்தொலைபேசி வரைபடத்தில் நம் மலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கும், பயணிகள் பார்க்கும் முனைக்கு ஒரு பெயர் இருக்கும். இடையிலுள்ள முடக்குகளும் குறுக்குகளும் வெறும் கோடுகள். அவற்றுக்குப் பெயர் இல்லாமலா இருக்கிறது? தவறணை மலை, பத்தாம் நம்பர் மலை, பீலிக்கரை என்று பிள்ளைகள் கணத்தில் சொல்வார்கள். சைக்கிளில் வருகிறவர் கேட்டால் சொல்லலாம்; அவர் கேட்பதற்கு வரைபடத்தில் அது இருக்க வேண்டும்.

ஆகவே சென்ற தவணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பாடசாலையிலிருந்து உங்கள் வீடு வரை வழியை வரையுங்கள். ஒவ்வொரு முடக்குக்கும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள் என்றேன். ஒரு தாளில் ‘கச்சான் முடக்கு’ என்றிருந்தது. ஆடி மாதத்தில் காற்று அங்கேதான் முதலில் அடிக்குமாம். இன்னொன்றில் ‘கரத்தை ரோட்டு’; கரத்தை பார்த்தவர் எவரும் இப்போது அந்த லயத்தில் இல்லை. மூன்றாவது தாள் ஒரு மாணவியுடையது. செங்குத்தான ஒற்றையடிப் பாதை ஒன்றுக்கு ‘ஆஸ்பத்திரிக் குறுக்கு’ என்று எழுதி, காரணம் என்ற இடத்தில், “ரோட்டால போனா நேரமாகும், அம்மாச்சியை இதாலதான் தூக்கிட்டுப் போனாங்க” என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

அந்தத் தாள்களை ஒன்றாக ஒட்டி வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். நான்கு தோட்டங்கள் வரை வந்திருக்கிறது.