முதியோர்க்கும் தொழிலாளர்க்கும் கற்பிக்கும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் கல்வி நிதியைக் கொண்டு தொழில் வகுப்புக்களை மீண்டும் தொடங்குவதா, அன்றி நிறுத்திவிடுவதா என்னும் வினா இன்று நம்முன் நிற்கின்றது. அதுபற்றி எமது அபிப்பிராயத்தைக் கூறுமாறு காரியக் கமிட்டியார் பணித்தனர். சிறுவர் கல்வியைப் பற்றி நம்மவர் பேசாத நாளில்லை. ஆயின், பள்ளியைப் பாதியில் விட்டுப் பத்தும் இருபதும் ஆண்டுகள் தோட்டத்திலும் களத்திலும் கிட்டங்கியிலும் பாடுபட்டு வரும் நம் தாய்மார்க்கும் சகோதரர்க்கும் எங்ஙனம் கற்பித்தல் வேண்டுமென்று நாம் ஆழ்ந்து சிந்தித்ததில்லை. அதனால் விளைந்த பிழையை முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றோம். அதில் எமக்கும் பங்குண்டு.

முன்னர் நாம் நடத்திய ஏலக்காய்த் தரம் பிரிக்கும் வகுப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விடியுமுன் ஜீப்பேறி, கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மலைத் தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாய இறங்கி வருவோரே அதன் மாணாக்கர். அவர்களை மாலையில் விசிப்பலகையில் அமர்த்தி, ஏலச்செடி எக்குடும்பத்தைச் சேர்ந்ததென்பது முதலாக மூன்று மாதம் புத்தகத்தை ஒப்பித்தோம். பாதிப்பேர் உறங்கினர். இறுதியில் தாளும் வினாவும் கொடுத்துப் பரீட்சை நடத்தினோம். எழுத்துப் பழக்கமுள்ள இளைஞர் தேறினர். இருபது ஆண்டு காய் பொறுக்கிய ஓர் அம்மையார் தவறினார். அவர் எம்மை நோக்கி, "ஏன் தம்பி, இத்தனை கேள்வி கேட்டீகளே, ஒரு பிடி காயை என் கையில குடுத்துப் பாத்தீகளா?" என்றார். விடையளிக்க எம்மிடம் சொல்லில்லை. தேறிய இளைஞருள் சிலரோ, முற்றிய காயையும் முற்றாத காயையும் வேறு பிரித்தறிய மாட்டாமல், வேலைக்குச் சென்ற முதல் வாரத்திலேயே திரும்பினர். அவர்கள் கையிலிருந்தது நாம் அளித்த நற்சாட்சிப் பத்திரம்!

பிழை யாது? வேலையிலிருந்து பாடத்தை வகுக்காமல், புத்தகத்திலிருந்து வகுத்தோம். வகுப்பை அமைப்போர் முதலில் எழுத வேண்டுவது பாடத்தலைப்பன்று; கற்றவர் யாது செய்ய வல்லவராதல் வேண்டும் என்பதேயாம். 'ஏலக்காயின் தரங்களை அறிதல்' என்றெழுதினால், அறிந்தாரா இல்லையா என்பதை எவ்வாறு காண்பது? 'கலப்புக் காய் ஒரு கிலோ கொடுத்தால், பிளந்ததும் வெளுத்ததும் முற்றாததும் பூச்சி துளைத்ததும் நீக்கி, எஞ்சியதைச் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதையும் 7-க்கு மேற்பட்டதையும் வேறாக்கிக் காட்டுதல்' என்றெழுதி, இத்தனை நேரம், இவ்வளவுக்கு மேல் பிழை கூடாது என்றும் வரையறுத்தால், பக்கத்தில் நிற்பவர் எவரும் தீர்ப்பளிக்கலாம். அவ்வளவையும் நாமாகக் கற்பித்துக்கொள்ளலாகாது. போடிநாயக்கனூர் வியாபாரியையும், கங்காணியையும், கைதேர்ந்த தொழிலாளியையும் ஒருங்கே அமர்த்திக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, பரீட்சையை முடிவில் மாத்திரமன்றித் தொடக்கத்திலும் வைத்தல் வேண்டும். முதல் நாளே ஒரு பிடி காயைக் கொடுத்துப் பார்த்திருப்போமாயின், அவ்வம்மையார் மாணாக்கராக அன்று, ஆசிரியராகவே அமர்ந்திருப்பார். தெரிந்ததை மீண்டும் கற்பிப்பது முதியோரை அவமதிப்பதாகும். அரசாங்கத்தாரும் 2013-ல் வகுத்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலும், 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்திலும், வேலை செய்தே ஒருவர் பெற்ற திறமையைச் சோதித்து ஏற்றுக்கொள்ள இடம் வைத்துள்ளனர்.

மூன்றாவது, காலம் அனைவர்க்கும் ஒன்றாயிருக்கவேண்டுவதில்லை. ஒருவர் பத்து நாளில் தேறலாம். மற்றொருவர்க்கு இரண்டு மாதம் செல்லலாம். திறமையின் அளவு மாறலாகாது. நாளின் அளவு மாறலாம். நாம் இதற்கு நேர்மாறாக, நாளை உறுதியாக்கித் திறமையைத் தளரவிட்டோம்.

இஃது ஆகக்கூடிய காரியமோ என்று ஐயுறுவோர், தேனி மாவட்டத்திலேயே நிகழ்ந்ததொன்றைக் கேட்பாராக. கனடாவில் தலைமையகமுடைய காமன்வெல்த் கற்றல் அமைப்பினர், 2004-ல் தமிழ்நாட்டில் உழவர்க்கான வாழ்நாள் கற்றல் திட்டத்தைத் தொடங்கினர். இம்மாவட்டத்தில் 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனத்தார், ஆடு வளர்க்கும் ஏழைப் பெண்களிடையே அதனை நடத்தினர். அப்பெண்கள் வகுப்பறையைத் தேடி வரவில்லை. சிறு சிறு குரற்செய்திகளாகப் பாடமே கைப்பேசி வழியே அவர்களைத் தேடிச் சென்றது. ஆடு மேய்க்கும்போதே கேட்டனர். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரின் அறிவு அதற்குத் துணைநின்றது. கற்றலோடு வங்கிக் கடனும் இணைந்திருந்தமையால், கற்றது மறுநாளே தொழுவத்தில் பயன்பட்டது. நோய்கண்ட ஆட்டை வேறாகக் கட்டினாளா, தீவனத்தைச் சரியாக இட்டாளா என்பதற்குத் தாளும் பேனாவும் எதற்கு? மந்தையே சான்று.

எனினும் ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1986-ல் தொழில் தகுதிகளுக்கென ஒரு தேசியக் குழுவை ஏற்படுத்தி, செயல்திறமையையே அளவுகோலாகக் கொண்டனர். ஆயின், ஒவ்வொரு தொழிலையும் நூறு துண்டாக்கி, துண்டுதோறும் குறியிட்டுச் செல்லுதலே கல்வியாகிவிட்டதென்று அந்நாட்டு அறிஞர் பலர் குறைகூறினர். அக்குறை நம்மைச் சாராதிருத்தல் வேண்டும். பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். உலர்ந்தபின் 10 சதவீத அளவே நிற்கும். சூடு மிகின் பச்சை நிறம் கெடும். குறையின் பூஞ்சணம் பற்றும். இக்காரணத்தை அறியாமல் விசையைத் திருப்ப மட்டும் கற்றவன், வேறோர் உலர்த்தறைக்குச் சென்றால் திகைப்பான். ஆதலால் கைக்குச் செயலும் மனத்துக்குக் காரணமும் சேரவே கற்பித்தல் வேண்டும்.

இன்னுமொன்று மறைக்காமல் கூறுவோம். திறமை வந்தவுடன் கூலி தானே உயர்ந்துவிடாது. தேறியவர்க்கு எவ்வளவு கூடுதல் கூலி அளிக்கப்படும் என்பதை, வகுப்புத் தொடங்குமுன்னரே வேலை கொடுப்போரிடம் பேசி முடிவு செய்தல் வேண்டும். நம் சங்கத்தினருள் கிட்டங்கி உடையோரும் உளர், அங்கே கூலிக்கு அமர்ந்தோரும் உளர். முன்னவர் இம்மேடையிலேயே வாக்களிப்பாராயின் பின்னவர் நம்பிக்கையோடு வருவர். இன்றேல் நாம் அளிப்பது வெறுங் காகிதமே.

ஆதலால், வகுப்புக்களை நிறுத்தலாகாது. மாற்றியமைத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு. வாரவிடுமுறையில், கிட்டங்கியிலேயே, காயை நடுவில் வைத்து நடத்துவோமாக. அன்று தவறியவரென நாம் எழுதிய அவ்வம்மையாரின் இல்லத்திற்கு, கமிட்டியார் இருவரோடு யாமும் சென்று, பிழை பொறுக்க வேண்டி, முதல் ஆசிரியராக அழைத்து வருவோம். இதற்கு மகாஜனங்கள் இசைவளிக்குமாறு வேண்டி, எமது சிற்றுரையை முடிக்கின்றோம்.