ரூபாய்ப் புத்தகத்தை எந்த அடுக்கில் வைப்பது?

(விருதுநகரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணல் அம்பேத்கர் பேரில் இருக்கிற புத்தகங்களை வரிசையா எழுதிப் பாருங்க. 1918-இல் சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரை. 1923-இல் ரூபாயின் சிக்கல். 1925-இல் மாகாண நிதி. 1936-இல் சாதி ஒழிப்பு. அப்புறம் பாகிஸ்தான், சூத்திரர்கள் யார், மொழிவழி மாநிலங்கள். அவர் இறந்த மறு வருஷம், 1957-இல், புத்தரும் அவர் தம்மமும். மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட தொகுதிகளில் பதினாறாவதைத் திறந்தால் பாலி அகராதி, பாலி இலக்கணம்! ஒரே ஆளா இத்தனையும் என்று மலைச்சுப் போய் நம்ம ஆட்கள் அதோடு நிறுத்திக்கிறாங்க. மலைப்பு வேறு, வாசிப்பு வேறு.

நான் போன நூலகங்கள் பலவற்றில் இவை எல்லாம் ஒரே அடுக்கில்தான். 'தலித்தியம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். பொருளாதார அடுக்கில் கீன்ஸ் இருப்பார், மார்க்ஸ் இருப்பார், இவர் இருக்க மாட்டார். எழுதினவர் சாதியைப் பார்த்துப் புத்தகத்துக்கு இடம் ஒதுக்கினால் அதுக்குப் பேர் வகைப்பாடா? ஊருக்கு வெளியே ஒரு சேரி. ஏப்ரல் 14 அன்னிக்கு மட்டும் அந்த அடுக்குக்கு மாலை.

இதனால நமக்கு என்ன நட்டம்? ரூபாய்ப் புத்தகத்தையே எடுத்துக்குவோம். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டாக்டர் பட்டத்துக்குச் செய்த ஆய்வு. முன்னுரை எழுதின பேராசிரியர் எட்வின் கானன் முன்னுரையிலேயே மாணவரோடு முரண்படுகிறார். அதை அப்படியே அச்சில் போட்டார் அண்ணல். நம்ம இயக்கங்கள் இதைக் கவனிக்கணும்.

உள்ளே என்ன விவாதம்? அன்றைய அரசாங்கத்தின் கவனமெல்லாம் ஸ்டெர்லிங்குக்கும் ரூபாய்க்குமான மாற்று விகிதத்தின் மேல். அந்த ரூபாயை வச்சு உள்ளூர்ல என்ன வாங்க முடியும், அதைப் பார் என்றார் இவர். ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி பெருகும், நாட்டுக்கு லாபம் என்ற பேச்சு அப்பவே உண்டு. யாருக்கு லாபம்? விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. கூலிக்காரரிடம் குறைஞ்சதுதான் ஏற்றுமதிக்காரர் கணக்கில் லாபமாக ஏறுகிறது. சிவகாசிப் பக்கம் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டுகிற அம்மாவுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி நிற்கும், அரிசி விலை நிற்காது.

ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று மேடையில் முழங்குகிறோம். 1925-இல் ஹில்டன் யங் குழு முன்னால் சாட்சியம் சொன்னார். அந்தக் குழுவின் பரிந்துரையின் வழியில் 1935-இல் வங்கி வந்தது. அந்த அளவுக்குத்தான் சொல்லணும். அவர் அழுத்திக் கேட்டது வேறு: ரூபாய் வெளியீட்டை ஆள்வோர் இஷ்டத்துக்கு விடாதே, மீற முடியாத வரம்பு கட்டு. இதுக்குக் கைதட்டு வராதுதான்.

1918 கட்டுரைக்கு வருவோம். துண்டு நிலங்களுக்குக் காரணம் வேலையில்லாமல் நிலத்தின் மேல் குவிஞ்சு கிடக்கிற உழைப்பு, பரிகாரம் தொழில்மயம் என்கிறார். இங்கே நாம அவரோட விவாதிக்கணும். வானம் பார்த்த இந்தப் பூமியில் தொழில் வந்தது. ரூபாய்ப் புத்தகம் வெளிவந்த அதே 1923-இல்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கினதாகச் சொல்வார்கள். சாதி போச்சா? ஆலைக்குள்ளே மருந்துக் கலவை யார் கையில், கணக்குப் பேரேடு யார் கையில் என்று பாருங்க. 1936-இல் அவரே சொல்லிவிட்டார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று. முதல் புத்தகத்துக்குக் கேள்வி எழுந்தால் பதில் இன்னொரு புத்தகத்தில் கிடக்கிறது. அடுக்கைப் பிரிச்சு வை என்கிற நானே, படிக்கும்போது சேர்த்துப் படி என்றும் சொல்ல வேண்டியிருக்கு.

தொழிலாளர் துறை உறுப்பினராக 1946-இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டத் திருத்தம் கொண்டு வந்தவரும் இவரே. வீட்டுத் திண்ணையில் ஒட்டுகிறவருக்கு அந்த 48 எட்டவில்லை.

பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலத் தொகுதிகளில் ஆறாவதை எடுங்க. முதலில் அந்தக் குழு முன்னால் சொன்ன சாட்சியம், கேள்வியும் பதிலுமா இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க வீட்டில், தெருவில், பத்து வருஷத்துக்கு முன்னால் குரோஸுக்கு என்ன கூலி, அரிசி என்ன விலை, இன்னிக்கு என்ன என்று கேட்டு எழுதிட்டு வாங்க. அதை வச்சுப் பேசுவோம்.